தேங்காய் எழுந்து நின்ற மூலை

ப்ராசசரை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் நான் பேசத் தொடங்கினேன். பேசி முடித்தபோது மதர்போர்டும் ரேமும் ஃபேனும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருந்தன. அவையில் இருந்தவர்கள் இருவர். ஒருவர், சமையலறைப் படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா. மற்றவர் அம்மாவின் தம்பி. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு வேலை பிடித்துத் தருபவர். அப்பா ரிக்கோடு வடமாநிலங்களுக்குப் போய்விடும் மாதங்களில் எங்கள் வீட்டில் எந்தக் கூட்டம் நடந்தாலும் மாமாவே அதன் பார்வையாளர், கைதட்டுபவரும் அவரே.

அந்தக் கணினி, கல்லூரி இரண்டாம் ஆண்டில் நான் என் கையால் பூட்டியது. பேச்சுப் போட்டிகளில் நான் பெற்ற வெற்றிகளே அதன் உறுப்புகள். மாவட்ட அளவில் முதற்பரிசு பெற்ற உரை ஹார்டு டிஸ்க் ஆயிற்று. மாநில அளவில் ஆறுதல் பரிசு பெற்ற உரை வெறும் கீபோர்டு ஆயிற்று. அது நடுவர்களின் குற்றம். ப்ராசசர் மட்டும் பழைய சரக்காக வாங்கியது, நான்காம் தலைமுறை. வெளியுலகில் பதினான்காம் தலைமுறை வந்துவிட்டிருந்தது.

"நாம் பத்துத் தலைமுறை பின்தங்கியிருக்கிறோம்" என்றேன்.

"பத்தா? நம்ம குடும்பத்துலயே மூணு தலைமுறைக்கு மேல எனக்குப் பேரு தெரியாது சாமி" என்றார் அம்மா.

அந்தக் கணினியில் அமர்ந்து உழைப்பவர் அவர்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். கணினியோடு இணைந்த ஜக்கார்டு தறிகளுக்குச் சேலை டிசைன் வரைவது அம்மாவின் வேலை. பல ஆண்டுகளாக அவர் செய்துவந்தது, வேறு யாரோ வரைந்த மாங்காய்களின் ஓரத்தைச் சீராக்குவதும், அறுந்த கொடிகளை ஒட்டவைப்பதும். அந்த வாரம்தான் ராசிபுரத்துத் தறிக்காரர் ஒருவர் முதன்முறையாக, "நீங்களே ஒண்ணு வரைஞ்சு குடுங்கம்மா, பாப்போம்" என்று சொல்லியிருந்தார். அம்மா மாங்காய் வரையவில்லை. மரவள்ளி இலையை வரைந்தார். ஏழு விரல் விரித்த அந்த இலையை நாங்கள் காணாத நாளே இல்லை. பட்டில் நான் கண்டதே இல்லை. சனிக்கிழமை நண்பகலில் ஒரு தறி காலியாகும். அதற்குள் டிசைன் பென் டிரைவில் போய்ச் சேர்ந்தால் மரவள்ளி ஏறும். சேராவிட்டால் வழக்கமான மாங்காய் ஏறிவிடும். முகூர்த்த மாதங்கள் முடியும்வரை அது அந்தத் தறியைவிட்டு இறங்காது. அதன்பின் அந்த மனிதர் மறுபடியும் கேட்பார் என்பதற்கு யார் பொறுப்பு?

முந்தானை மட்டும் மீதி இருந்தது. ஓர் இலையை வரைந்து அதை முந்தானை முழுவதும் பரப்பச் சொன்னால் எங்கள் நான்காம் தலைமுறை மூச்சுப் பிடித்துக்கொள்ளும். அம்மா எழுந்து போய் மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பியதும் நிறுத்திவிட்டு வந்தாலும் அது இன்னும் மூன்றாவது இலையிலேயே நிற்கும். ஆகவே புதன்கிழமை மாலை நான் எழுந்து நின்று பேசினேன்.

"சனிக்கெழம முடியட்டும் சாமி. அப்பறம் என்னத்த வேணா மாத்திக்க" என்றார் அம்மா.

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் ஏழு நிமிடம் பதில் சொன்னேன். போட்டியாக இருந்திருந்தால் நான்காம் நிமிடத்தில் எச்சரிக்கை மணி விழுந்திருக்கும். மணி விழுந்த கணமே, சொல்லிக்கொண்டிருக்கும் கருத்தை முடித்து, மிச்சத்தை விட்டுவிட்டு, நேராக முடிவுரைக்குத் தாவ வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் எங்கள் எலும்பில் ஏற்றப்பட்ட பயிற்சி அது. வீட்டில் அத்தகைய மணி இல்லாததால் மறுதரப்பை முற்றிலும் தரைமட்டமாக்க என்னால் முடிந்தது. மாமா கைதட்டினார்.

"கீர ஆஞ்சு முடிஞ்சுது. என்னமோ பண்ணு" என்றார் அம்மா.

அதை நான் தீர்ப்பாக ஏற்றுக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாமாவின் ஜீப்பில் சேலம் போனோம். கடைக்காரர் என் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல பழசுன்னு மிச்சம் இருக்கறது என்னங்க?" என்று கேட்டார்.

"கேபினட், ஹார்டு டிஸ்க், கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டி" என்றேன்.

"அப்ப இது அப்கிரேடு இல்லீங்களே. புதுக் கம்ப்யூட்டருங்க."

நான் அம்மாவிடம் வாதாடி வென்றது அப்கிரேடு என்ற தலைப்பில். தலைப்பையே மாற்றினால் தீர்ப்பு செல்லாது. நான் வாய் திறப்பதற்குள் மாமா முன்னால் வந்தார்.

"அதெப்படிங்க? லாரிக்கு இன்ஜின் மாத்தறோம், பாடி மாத்தறோம், பத்து டயரும் மாத்தறோம். சேசிஸ் அதேதான், ஆர்.சி. புக்கும் அதேதான். வண்டி எப்படிங்க புதுசாவும்?"

"கம்ப்யூட்டருக்கு ஆர்.சி. புக் ஏதுங்க?"

"அதுதானுங்க உங்க தொழில்ல இருக்கற கொறை."

திரும்பும் வழியில் மதர்போர்டு பெட்டியை மாமா முன் இருக்கையில் வைத்து, அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டார். நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

பொருத்தும் முறையைக் காட்டும் காணொளி ஒன்றை அன்றே பார்த்தேன். எதையும் நான் ஒருமுறை எழுதுவேன், மூன்றுமுறை உரக்கச் சொல்வேன், பிறகு தாளைக் கிழித்துவிடுவேன். குறிப்பைப் பார்த்துப் பேசுகிறவரைப் பேச்சாளர் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. குறிப்பைப் பார்த்துப் பொருத்துகிறவரும் எனக்கு அப்படியே. மொத்தம் பத்துக் கருத்துகள். முதலாவது, இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னேற்றத்தைப் போக்கிக்கொள்வது. இரண்டாவது, ப்ராசசரின் மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தை மதர்போர்டுப் பலகையின் முக்கோணத்தோடு சேர்ப்பது. இப்படியே ஏறி, பத்தாவதாகக் கேபினட்டை மூடி ஸ்விட்சைப் போடுவதில் உரை நிறைவுபெறும். கை அசைவுகளோடு கண்ணாடி முன் இருமுறை பொருத்திப் பார்த்தேன். கண்ணாடியில் குறையேதும் தென்படவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை முன்னறையில் பாய் விரித்து அனைத்தையும் பரப்பினேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"புதுசா ஊட்டுக்கு வந்துருக்குது. ஒரு பொட்டு வெக்காம எப்படிக் கண்ணு?"

ப்ராசசரின் தலையில் வெப்பத்தைக் கடத்தும் பசை ஒன்று தடவப்பட வேண்டும் என்றும், ஒரு தலையில் இரண்டு பசைகளுக்கு இடமில்லை என்றும் விளக்கினேன். நெடிய பேச்சுவார்த்தைக்குப் பின் உடன்பாடு ஏற்பட்டது: கேபினட்டுக்கு மட்டும், அதுவும் வெளிப்புறம். ஒவ்வோர் ஆயுத பூசையின் பொட்டும் அழியாமல் இருந்த அந்தக் கேபினட்டில் புதியதற்கு இடம் தேட வேண்டியிருந்தது.

"செரி, நீ உன்ற வேலயப் பாரு. நான் வெளக்கு வெச்சு மணியாச்சும் அடிச்சுக்கறேன்" என்று அம்மா உள்ளே போனார்.

நான் பேசிக்கொண்டே பொருத்தினேன். முக்கோணம் முக்கோணத்தோடு சேர்ந்தது. பசை தடவினேன், ஃபேனைத் திருகினேன், ரேம் இரு பக்கமும் டிக்கென்று அமர்ந்தது. மாமா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு ரசித்துக்கொண்டிருந்தார். பலகையின் பெரிய ஒயரைச் செருகினேன். உள்ளே சாம்பிராணி மணத்தது, பூசை மணி ஒலித்தது. கேபினட்டை மூடினேன். "எனவே" என்று மாமாவைப் பார்த்துச் சொல்லி ஸ்விட்சைப் போட்டேன்.

ஃபேன்கள் சுற்றின. பச்சை விளக்கு எரிந்தது. மாமா கைதட்டினார். மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்து, "நோ சிக்னல்" என்று ஒருமுறை அறிவித்துவிட்டு உறங்கப் போயிற்று.

மாமா முகத்தில் தொழில் சார்ந்த கவலை படர்ந்தது. "இது போர் போடறப்ப புழுதி மட்டும் பறக்கற மாதிரி இருக்குது அம்மிணி. சத்தம் இருக்குது, தண்ணி இல்ல."

திறந்தேன். முதலாவதிலிருந்து மீண்டும் சொல்லிச் சரிபார்த்தேன். உள்ளே அம்மாவுக்குச் செய்தி எட்டியது; அவர் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு இன்னொரு கற்பூரம் ஏற்றி மணியடித்தார். மூடினேன், ஸ்விட்சைப் போட்டேன். கறுப்பு. மூன்றாம் முறை திறந்தேன். அம்மா மூன்றாம் முறை மணியடித்தார். கறுப்பு. அந்த வீட்டில் அன்று மாலை பக்தியும் அறிவியலும் ஒன்றையொன்று எந்த அளவுக்கு ஆதரித்தன என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு.

சேலத்துக் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். கணினியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகுமாறும், திங்கட்கிழமை பார்த்துச் சொல்வதாகவும் கூறினார். அம்மாவின் மென்பொருள் இந்த ஒரு கணினியில்தான் இருந்தது. முந்தானை பாதியில் இருந்தது.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறுப்புரைக்கு வாய்ப்பு கிடைத்திருக்கும். "அந்தாளுக்குப் போன் பண்ணி மாங்காயே ஏத்திக்கச் சொல்லீரட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் இருக்குதுல்லக்கா. காலைல நான் ஒரு ஆளக் கூட்டியாறேன்" என்றார் மாமா.

யாரை என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜீப்பிலிருந்து மாமாவோடு இறங்கியவரை எனக்கு நன்றாகத் தெரியும். வயது என் வயதுதான். கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டிகளில் எந்த ஊர் மேடையிலும் எனக்கு எதிரணி. நான் முதலிடம், அவர் இரண்டாமிடம். ஒரே ஒருமுறை மாறி வந்ததுண்டு, அன்று ஒலிபெருக்கி சரியில்லை. பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்தவர். இப்போது தன் தந்தையின் தொழிலை ஏற்று, ரிக் வண்டிகளுக்கு முன்னால் போய் நிலத்தடி நீரோட்டத்துக்குப் பாயிண்ட் பார்த்துக் கொடுக்கிறார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துத் தோட்டங்காட்டில் நடப்பார், தண்ணீர் உள்ள இடத்தில் தேங்காய் குடுமியோடு எழுந்து நிற்கும், அங்கே துளையிடுவார்கள்.

நாமக்கல்லில் நடந்த கடைசிப் போட்டியில், மரபா அறிவியலா என்ற தலைப்பில், "தேங்காய்க்குக் கண் மூன்று உண்டு, மூளை ஒன்றும் இல்லை" என்று சொல்லி நான் பெருங்கைத்தட்டல் வாங்கினேன். பார்வையாளர் வரிசையில் அவருடைய தந்தை உட்கார்ந்திருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். முன்னரே அறிந்திருந்தால் அந்த வரியை விட்டிருப்பேனா என்றால், உறுதியாகச் சொல்ல இயலாது. நல்ல வரி அது.

அவர் தோளில் லேப்டாப் பை இருந்தது. ஒரு நம்பிக்கையோடு பார்த்தேன். ஜிப்பைத் திறந்து தேங்காயை எடுத்தார்.

"மாமா, என்ன இது?"

"எடம் எங்கீன்னு காட்டறவரு அம்மிணி. கோளாறும் ஒரு எடத்துலதான இருக்கோணும்?" என்றார் மாமா. இந்த வாதத்தின் உறுதியை நான் இன்றுவரை உடைக்க முயன்று வருகிறேன்.

"வணக்கம், எதிரணித் தலைவி அவர்களே" என்றார் வந்தவர்.

"என் ஊட்டுல தேங்காய்க்கு வேல சமையக்கட்டுலதானுங்க" என்றேன்.

"மூளை இல்லாததால எங்க வேணா வேல பாக்கும்ங்க, அதுக்குக் கர்வமே கெடையாது."

அந்தப் பதிலை அவர் நாமக்கல்லிலிருந்தே ஆயத்தமாக வைத்திருந்தார் என்பது தெளிவு. அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "மணி ஒம்போது ஆச்சு சாமி. உன்ற சண்டய மத்தியானத்துக்கு மேல வெச்சுக்கோ."

கேபினட்டின் பக்கத் தகடு திறந்தே கிடந்தது. வந்தவர் குனிந்து உள்ளே பார்த்தார். மூன்று விநாடிதான். பிறகு நிமிர்ந்து, தேங்காயைக் கையில் படுக்கவைத்து, கண்ணை மூடி, அறையை மெல்லச் சுற்றினார். சமையலறை வாசலுக்கு நேரே வந்ததும் தேங்காய் நடுங்கித் தலைதூக்கியது.

"ஏனுங்கக்கா, ஊட்டுக்குள்ள தண்ணி எங்கெங்க இருக்குது?"

"கொடத்துல இருக்குது. ட்ரம்முல இருக்குது" என்றார் அம்மா.

"அதுதானுங்க. தேங்கா அந்தப் பக்கமே இழுக்குது. தண்ணி இருக்கற வரைக்கும் கரண்டப் பாக்காது. மொதல்ல எல்லாத்தையும் வெளிய எடுத்து வெக்கோணும்."

மாமா திடுக்கிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "மேல டேங்க்கு?"

"அது ரொம்பக் கெடுதலுங்க."

அடுத்த நிமிடம் அம்மா குடங்களைக் கொல்லைப்புறத்துக்குக் கடத்திக்கொண்டிருந்தார். மாமா மொட்டை மாடிக்கு ஓடித் தொட்டியைத் திறந்துவிட்டார். முன்வாசலில் வெள்ளம் பெருகும் ஓசை கேட்டது. எதிர்வீட்டிலிருந்து, "ஏனுங்க, வாசல்ல ஆறு ஓடுது!" என்று ஒரு குரல். "கம்ப்யூட்டர் ரிப்பேருங்க!" என்று மாடியிலிருந்து மாமா பதிலுரைத்தார். கேள்வி அதோடு நின்றுவிட்டது.

முன்னறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். அவர் தேங்காயைக் கீபோர்டின் மேல் வைத்தார்.

"சீக்கிரமாச் சொல்றேன், அவங்க வந்துருவாங்க. எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற அந்த எட்டு முனை ஒயரு எதுக்குங்க பின்னால தொங்குது?"

பார்த்தேன். கேபினட்டின் பின்சுவரை ஒட்டி, மேல் மூலையில், யாரும் அழைக்காத விருந்தாளி போல ஓர் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது ப்ராசசருக்கான கரண்ட். பலகைக்குப் பெரிய ஒயர்ல போகுது, ஃபேன் சுத்துது. ப்ராசசருக்கே சோறு போடலீங்க நீங்க. நானும் ரெண்டு மிஷின் பூட்டியிருக்கேன்."

"வாய்ப்பில்லை" என்றேன். "பத்துக் கருத்தும் எனக்கு மனப்பாடம்."

"சொல்லுங்க பாக்கலாம்."

முதலாவதிலிருந்து சொன்னேன். எட்டாவது, பலகைக்கான பெரிய ஒயர். ஒன்பதாவது, ப்ராசசருக்கான எட்டு முனை ஒயரைப் பலகையின் இடது மேல் மூலையில் செருகுவது. தட்டுத் தடங்கலின்றி வந்தது. தாளில் எழுதியது, கண்ணாடி முன் செய்தது, எல்லாம் நினைவில் இருந்தது. இந்தக் கணினியில் செய்தது மட்டும் நினைவில் இல்லை. எட்டாவதற்குப் பிறகு சாம்பிராணி மணம். அதற்குப் பிறகு "எனவே".

"மணி அடிச்சுதுங்க" என்றேன்.

வேறு எவராக இருந்தாலும் இதை விளக்க அரை மணிநேரம் ஆகியிருக்கும். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பாயில் உட்கார்ந்து, சத்தம் வெளியே போகாமலிருக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"மூணு தடவயுமா?"

"அம்மா மூணு தடவயும் அடிச்சாங்க."

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் சற்று மாறியது. "என்ற அக்கா கல்யாணத்துல வாழ்த்துரை பேசுனேனுங்க. வெளிய ஐஸ் வண்டிக்காரன் மணியடிச்சுட்டான். 'நன்றி வணக்கம்'னுட்டு எறங்கிட்டேன். மாப்பிள்ள பேரையே சொல்லல. இன்னைக்கும் அவரு எனக்கு மொகம் குடுத்துப் பேசறதில்ல."

மாடிப்படியில் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் எழுந்து தேங்காயை எடுத்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லுங்க. ஒயரு விட்டுப்போச்சுன்னு நான் சொல்லட்டுங்களா? தேங்கா சொல்லட்டுங்களா?"

என் வாழ்நாளில் இதைவிடக் கடினமான தலைப்பு எனக்குத் தரப்பட்டதில்லை. ஒயர் என்று அவர் சொன்னால் அறிவியல் வெல்லும். ஆனால் அம்மாவின் சனிக்கிழமையைப் பணயம் வைத்து ஏழு நிமிடம் பேசிய நான், ஓர் ஒயரைச் செருகத் தெரியாதவள் ஆவேன். தேங்காய் சொன்னால் நான் தப்புவேன், அறிவியல் தோற்கும். அறிவியல் பல தோல்விகளைக் கண்டு மீண்ட துறை. எனக்கு அந்த அனுபவம் குறைவு.

"தேங்காயே சொல்லட்டும்" என்றேன்.

அவர் கைகுவித்து, நடுவருக்குச் செய்வது போலத் தலைவணங்கினார்.

அதன்பின் நடந்ததை ஒரு பேச்சாளராக நான் குறைகூற இயலாது. அவர் எடுத்த எடுப்பில் மூலைக்குப் போகவில்லை. முதலில் மானிட்டர் அருகே நின்றார், தேங்காய் அசையவில்லை. ஹார்டு டிஸ்க் அருகே லேசாகத் தலையாட்டியது. மாமா மூச்சை இழுத்தார். எஸ்எம்பிஎஸ் அருகே சாய்ந்தது. அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைப் பின்தொடர்ந்து, தயங்கி, திரும்பி, பலகையின் இடது மேல் மூலைக்கு வந்ததும் குடுமியோடு விறைத்து எழுந்து நின்றது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இடைநிறுத்தங்கள் அவ்வளவு பொருத்தமாக அமைந்த ஓர் உரையை நாமக்கல்லில் அவர் ஆற்றியிருந்தால் எனக்கு முதற்பரிசு கிடைத்திருக்காது.

"இங்கதானுங்க. இந்த எடத்துல என்னமோ சேர வேண்டியது சேரல."

நான் வியப்போடு குனிந்து, வியப்போடு ஒயரைக் கண்டெடுத்து, வியப்போடு செருகினேன். நடிப்பு அவ்வளவாக எடுபடவில்லை. யாரும் என்னைப் பார்க்கவுமில்லை. ஸ்விட்சைப் போட்டேன். மானிட்டர் விழித்தது.

அம்மா எவரையும் ஒரு வார்த்தை பேச விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். மரவள்ளி இலையைத் தேர்ந்து, முந்தானை முழுவதும் பரப்பச் சொல்லி, பழக்கத்தினால் எழுந்து மோட்டார் போடப் போனார். இரண்டு அடி வைத்துத் திரும்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இலைகள் அனைத்தும் வந்திருந்தன. மறுபடியும் உட்கார்ந்து, ஓர் இலையின் காம்பைச் சற்று வளைத்தார். முந்தானை முழுவதும் காம்புகள் வளைந்தன. மறுபடி நிமிர்த்தினார், நிமிர்ந்தன. நேரம் ஆகிறது என்று மாமா இருமுறை சொல்லும்வரை அவர் காம்பை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்குச் சற்று முன்னால் பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு அம்மா ஜீப்பில் ஏறினார். ராசிபுரத்தில் தறிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டிசைனைப் பார்த்தாராம். மாங்காய் டிசைன் தறிமேடையில் தயாராக இருந்ததாம். "மரவள்ளியாம்மா? பட்டுலயா?" என்று கேட்டாராம். "ஆமாங்க. நம்ம காட்டுல வேற என்னங்க இருக்குது?" என்றாராம் அம்மா. மரவள்ளி ஏறிற்று. கரையில் எப்படி விழுகிறதென்று பார்க்க முதல் ஒரு சாண் நெய்யும்வரை இருந்துவிட்டுத்தான் திரும்பினார்.

வீட்டில் அன்று மாலைவரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மின்சாரம் போயிருந்ததால் மோட்டாரும் ஓடவில்லை. எதிரணிக்காரர் தேங்காயை எங்கள் வீட்டிலேயே விட்டுச் சென்றிருந்தார். வேலை முடித்த தேங்காயை எடுத்துப்போகும் வழக்கம் இல்லையாம். இரவு உணவுக்கு அம்மா அதைச் சட்னியாக அரைத்தார். எதிரணியின் ஒரே சாட்சியை நான் இட்லியோடு உண்டேன்.

மாமாவோ அந்தக் கதையை ஊர் முழுக்கக் கொண்டுபோனார். இப்போது திருச்செங்கோட்டில் சில வீடுகளில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் முதலில் தொட்டியைத் திறந்துவிடுகிறார்கள். தேங்காய்க்காரருக்கு அழைப்பு வருகிறது. சில வேளைகளில் அவர் எனக்கு அழைப்பு விடுக்கிறார். "எடம் தேங்கா காட்டீருமுங்க. திருக நீங்க வாங்க, மூளை வேணுமுங்க" என்கிறார். போகிறேன். அவர் சுற்றுவார், நான் திருகுவேன். மேடையில் நான் தேங்காய் வரியை இப்போது பயன்படுத்துவதில்லை. அதற்கு ஈடான இன்னொரு வரி இன்னும் அமையவில்லை.

ஆனால் இதை எழுத என்னைத் தூண்டியது சென்ற வெள்ளிக்கிழமை. மாலையில் முன்னறைப் பாயில் அமர்ந்து கணினிக்குப் புதிய ஹார்டு டிஸ்க் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தேன். உள்ளே விளக்கு ஏற்றியாயிற்று, கற்பூரம் மணத்தது. மணிச் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அம்மா வலக்கையால் கற்பூரத் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்; இடக்கை மணியை ஆட்டிக்கொண்டிருந்தது. அதன் நாக்கை அதே கையின் இரண்டு விரலால் இறுகப் பிடித்திருந்தார்.

கொல்லைப்புறத்துக்குக் குடம் தூக்கிப் போகும் வழி முன்னறைச் சன்னலை ஒட்டித்தான் போகிறது. இது ஏன் எனக்கு அன்று தோன்றவில்லை என்று தெரியவில்லை.

நான் திரும்பி வந்து அடுத்த திருகை எடுத்தேன். நாற்காலியில் இருந்த மாமா சமையலறைப் பக்கம் காதைத் திருப்பினார்.

"ஏனக்கா, மணிக்கு என்னாச்சு? சத்தமே காணோம். அந்தத் தம்பியத் தேங்காயோட வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சாமி. இதுல என்ன கோளாறுன்னு எனக்கே தெரியும்" என்றார் அம்மா உள்ளிருந்து.